கொதிக்க வைத்துத் தேடிய உயிர்

சென்ற மாதம் திருவள்ளூரில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் அறிவியல் சொற்பொழிவு நடந்தது. பேசியவர் ஒரு கல்லூரி ஆசிரியர். வெள்ளி கிரகத்தை மூடியிருக்கும் மேகங்கள் நம்மூர் மேகங்களைப் போல நீர்த்துளிகள் அல்ல, கந்தக அமிலத் துளிகள் என்று சில வருடங்களாகச் சொல்லி வருகிறார்கள் அல்லவா, அதைப் பற்றி. சுவரில் படங்கள் போட்டுக் காட்டினார். நன்றாகத்தான் பேசினார். முடிக்கும்போது மட்டும், சாப்பிட்டுக் கை துடைக்கிறவர் போல, "அமிலத்தில் எந்த உயிரும் வாழாது. ஆகவே அந்தக் கிரகத்தைப் பற்றி அந்த விதமாக நாம் யோசிக்கவே வேண்டியதில்லை" என்றார். கூட்டம் கை தட்டியது. ஒரு முழுக் கிரகத்தை இரண்டு வாக்கியத்தில் பெருக்கித் தள்ளிவிட்டார். விளக்குமாற்றை அவர் கையால் தொட்டிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்.

என்னோடு இரண்டு பையன்கள் வந்திருந்தார்கள். நான் வேலை பார்த்த அமில ஆலையின் ஆய்வுக்கூடத்தில் இப்போது இருப்பவர்கள். நான் சிரித்ததைப் பார்த்து ஒருவன், "இன்னா சார் சிரிக்கிறீங்க? அவரு சொன்னது தப்பா?" என்று கேட்டான்.

"தப்போ ரைட்டோ, அவரு ஆசிட்டக் கிட்டப் போயிப் பாத்ததில்லப்பா."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன். அதுல குடித்தனம் பண்றவங்களையும் பாத்தேன்."

அதற்கு மேல் அவர்கள் விடவில்லை. ஆலைத் தொழிலாளர் மலருக்கு எழுதியே தீர வேண்டும் என்றார்கள். எழுதுகிறேன். ஆனால் இது பெருமைக்குரிய நினைவு அல்ல. இத்தனை வருடம் கழித்தும் இதைச் சொல்லத் தொடங்கினால் எனக்கு இருமல் வந்துவிடுகிறது. அதற்குக் காரணம் கந்தகப் புகை என்று டாக்டர் சொல்கிறார். அவருக்கு என் மார்பைத் தெரியும், என் மகளைத் தெரியாது.

நான் திருவாலங்காட்டில் நெல் விளைவிக்கும் குடும்பத்தில் பிறந்தவன். மதராஸில் ரசாயனம் படித்து பி.எஸ்ஸி. வாங்கினேன். கும்மிடிப்பூண்டிப் பக்கம் இன்று இருப்பது போல வரிசையாக ஆலைகள் இல்லாத காலத்தில், அறுபதுகளின் தொடக்கத்தில், அங்கே ஓர் அமில ஆலையில் அனலிஸ்ட்டாகச் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கண்ணாடிக் குடுவைகளைக் கழுவினேன், கழுவியது போதாது என்றார்கள், மறுபடி கழுவினேன். சட்டையில் ஓட்டை விழுந்தது. ஓட்டை விழுந்த சட்டையோடு ஊருக்குப் போனால் உத்தியோகம் பார்க்கிறவன் என்று மதிப்பு. அந்த மதிப்பின் விலை என் நுரையீரல் என்பது பின்னால்தான் தெரிந்தது. அதனால்தான் ஓய்வு பெறும் வயதுக்கு வெகு முன்பே இப்போது வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆலை எப்படி இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒரு பக்கம் திறந்த வெளியில் மஞ்சள் மலையாகக் கந்தகம் குவிந்திருக்கும். அந்த முற்றத்திலிருந்து ஒரு கழிவுக் கால்வாய் கிளம்பும். அது கேண்டீன் பின்புறம் வளைந்து, கேண்டீன் கழுவும் தண்ணீரையும் கக்கூஸ் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு, மதில் ஓரமாகவே போய்க் கடைசிக் குழியில் விழும். கால்வாயை மெயின் கேட் வரைக்கும் சிமெண்ட் பலகைகள் மூடியிருக்கும். மதிலுக்கு அந்தப் பக்கம் எங்கள் குடியிருப்பு. அங்கிருந்து ஒரு சின்ன வாசல் வழியாக வந்து, அந்தப் பலகைகளின் மேல் நடந்துதான் குழந்தைகள் மெயின் கேட்டுக்குப் போய், ரயில்வே கேட்டைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போவார்கள். மழைக் காலத்தில் சுற்றிலும் களிமண் சேறு. செருப்பை உள்ளே இழுத்துக்கொண்டு திருப்பித் தராத சேறு. காய்ந்த வழி என்று இருந்தது அந்தப் பலகை வரிசை ஒன்றுதான். என் மகள் வசந்தியும் அதில்தான் போவாள். அப்போது மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் சீஃப் கெமிஸ்ட் வரதராஜன். ஆலையில் எல்லோருடைய சட்டையும் சல்லடை. அவருடைய வெள்ளைக் கோட்டில் மட்டும் ஓர் ஓட்டை கிடையாது. இதை அவருடைய ஜாக்கிரதை என்று சிலர் பாராட்டுவார்கள். சாம்பிள் பாட்டிலை இரண்டு விரலால் கழுத்தைப் பிடித்துத் தூக்குவார், செத்த எலியின் வாலைப் பிடிப்பது போல. குரலை உயர்த்தவே மாட்டார். யாராவது ஆர்வமாக ஏதாவது சொன்னால் முழுவதும் கேட்டுக்கொள்வார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "சரி மிஸ்டர், உங்க பேச்சோட நார்மாலிட்டி என்ன?" என்பார். நார்மாலிட்டி என்பது ஒரு கரைசலின் வலிமையைச் சொல்லும் அளவு. உன் பேச்சில் சரக்கு எவ்வளவு என்று அர்த்தம். சொன்னவன் எப்படியும் சிறுத்துப் போவான். சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்காவிட்டால் அடுத்த கேள்வி அவர்களுக்கு.

அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஒரு சட்டம் இருந்தது. கால்வாயிலிருந்து எந்தத் தண்ணீர் வந்தாலும் முதலில் கொதிக்க வைக்க வேண்டும். கூம்புக் குடுவையில் அளந்து ஊற்றி, அடுப்பில் வைத்து, குமிழி அடங்கும் வரை கொதிக்க விட்டு, குழாயடியில் ஆற வைத்து, அதன் பிறகே மெதில் ஆரஞ்ச் சாயம் ஒரு சொட்டு விட வேண்டும். தண்ணீர் சிவக்கும். அப்புறம் பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து காஸ்டிக் சோடாவைச் சொட்டுச் சொட்டாக விட்டு, சிவப்பு மஞ்சளாகும் இடத்தில் நிறுத்தி அளவு எடுக்க வேண்டும். கொதிக்க வைப்பதற்குக் காரணம் இருந்தது. எங்கள் தண்ணீரில் கந்தகப் புகை கரைந்திருக்கும். அதை விரட்டாவிட்டால் அமிலத்தின் அளவு தப்பாக வரும். அமிலத்தை அளக்கிறவனுக்கு அது நல்ல சட்டம். வரதராஜன் அதை மத நம்பிக்கையாக ஆக்கி வைத்திருந்தார். புதிதாக வந்த ஒருவன் குடிக்கிற தண்ணீரைக்கூடக் கொதிக்க வைத்து அளந்து கொடுத்தான். அவனை அவர் பாராட்டினார்.

ஒரு வருடம் ஐப்பசி மழை தொடங்கியபோது கால்வாய் கேண்டீன் வளைவில் அடைத்துக்கொண்டது. கால்வாய் சுத்தம் செய்யும் கூட்டத்துக்கு மேஸ்திரி எத்திராஜ். பழவேற்காட்டு ஏரியில் வலை வீசும் குடும்பத்து ஆள். மீனை விட்டு ஆலைக்கு வந்தவர். நீளமான மூங்கிலை உள்ளே விட்டுக் குத்தினார். அடைப்பு போயிற்று. மூங்கில் நுனியில் வெள்ளையாக ஏதோ அப்பிக்கொண்டு வந்தது. அதோடு நேராக ஆய்வுக்கூடத்து வாசலில் வந்து நின்றார்.

"சார், கால்வாய்க்குள்ள எவனோ இட்லிக்கு மாவு அரைச்சிக்கினு கீறான். இன்னான்னு பாருங்க."

தொட்டுப் பார்த்தேன். ஈரத் திருநீறு போல இருந்தது. லிட்மஸ் தாளை வைத்தேன். தாள் சிவந்தது மட்டுமல்ல, நைந்தும் போயிற்று. கழிவுத் தண்ணீரின் அமிலம் இவ்வளவு கடுமையாக இராது. தொட்ட விரல் எரிந்தது.

எத்திராஜும் அவர் ஆட்களும் கடப்பாரை போட்டு வளைவில் ஒரு பலகையை நெம்பித் திருப்பினார்கள். மேல் பக்கம் கெட்டியாக, சுத்தமாக, குழந்தைகள் கிழித்த சில்லுக்கோட்டோடு இருந்தது. அடிப் பக்கத்தில் சிமெண்டே இல்லை. கை வைத்தால் வழித்து எடுக்கலாம் போல வெள்ளைக் கூழ். அதற்குள்ளிருந்து கம்பிகள் துருப்பிடித்து எட்டிப் பார்த்தன.

"ஐயே, செல்லரிச்ச பல்லு மாதிரி கீதே" என்றார் எத்திராஜ்.

நான் குனிந்து கால்வாயின் தரையைப் பார்த்தேன். அதுதான் எனக்குப் புரியவில்லை. யாராவது அமிலத்தைக் கொட்டியிருந்தால் முதலில் கரைய வேண்டியது தரை. தரை நன்றாக இருந்தது. தண்ணீர் ஓடும் உயரம் வரை பக்கச் சுவரும் நன்றாக இருந்தது. தண்ணீரே தொடாத கூரைதான் கரைந்திருந்தது. அந்தக் கால்வாய் தலைகீழாக அழுகிக்கொண்டிருந்தது. உள்ளிருந்து வந்த நாற்றமும் எங்கள் ஆலையின் நாற்றமல்ல. எங்களுடையது தீக்குச்சி கிழித்தாற்போல் மூக்கில் ஏறும். இது கூமுட்டை நாற்றம்.

வரதராஜனிடம் போய்ச் சொன்னேன். அவர் பாட்டிலை எலி வாலாகத் தூக்கிப் பார்த்தார்.

"யாரோ கார்பாய் ஜாடி கழுவி ஆசிட்டை ஊத்தறாங்க. எத்திராஜ் ஆளுங்களா இருக்கும்."

"ஊத்தினா தரைதானே சார் போவணும்? கூரை போயிருக்கு."

"ஆவி."

"கந்தக அமிலம் குளிர்ந்த கால்வாயில ஆவியாகாதே சார்."

கண்ணாடியைத் துடைத்தார். "கொதிக்க வச்சீங்களா?"

"கூழு சார் அது. தண்ணி இல்ல."

"கொதிக்க வச்சிட்டு வாங்க மிஸ்டர், அப்புறம் பேசலாம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி மதராஸ் போய், ஒரு பெரிய நூலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்தேன். எனக்கு ஆராய்ச்சி ஆசை எதுவும் இல்லை. அந்தப் பலகை வரிசை முழுவதும் அடியில் அப்படித்தான் இருக்குமா என்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது. இருக்கும் என்றுதான் பதில் கிடைத்தது. வெயில் நாடுகளில் சாக்கடைக் குழாய்களின் கூரை இப்படிக் கரைவது பல வருடங்களாகத் தெரிந்த விஷயம். அடியில் கறுப்புச் சேற்றில், காற்றே வேண்டாத ஒரு வகை நுண்ணுயிர் கூமுட்டை வாயுவை விடுகிறது. வாயு மேலே ஏறி ஈரமான கூரையில் படிகிறது. அங்கே வேறொரு வகை காத்திருக்கிறது. அது அந்தக் கந்தகத்தைத் தின்று அமிலத்தைக் கழிக்கிறது. தான் கழித்த அமிலத்திலேயே, நம் விரல் எரியும் அந்தக் கூழிலேயே, பிள்ளை குட்டியோடு பெருகுகிறது. அமிலம் குறைந்தால் அதற்கு வாட்டம்.

இதை வரதராஜனிடம் சொன்ன காலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். முழுவதும் கேட்டார். குறுக்கே பேசவே இல்லை.

"எங்க படிச்சீங்க?"

"புத்தகத்துல சார்."

"புத்தகத்துல இருக்கற பூச்சி புத்தகத்தைத்தான் திங்கும் மிஸ்டர். கான்க்ரீட்டைத் திங்காது. இருபது வருஷமா ஆசிட்டோட இருக்கேன். ஒரு கொசு உட்கார்ந்து பார்த்ததில்ல."

சிரிப்பு. அன்றிலிருந்து எனக்குப் 'பூச்சி சார்' என்று பெயர். கேண்டீனில் டீ கொடுப்பவன்கூட, "பூச்சி சாருக்கு ஆசிட்டு ஒண்ணு, சக்கரை கம்மியா!" என்று கத்துவான். அவனுடைய டீயும் அப்படித்தான் இருக்கும் என்பதால் நான் பதில் சொல்வதில்லை.

நான் செய்தது மிகச் சாதாரணமான காரியம். பலகையின் அடியிலிருந்து சுரண்டிய கூழை நல்ல தண்ணீரில் கரைத்தேன். சிட்டிகை கந்தகத் தூளும், உரம் போல ஏதாவது வேண்டுமே என்று துளி அம்மோனிய உப்பும் சேர்த்தேன். இரண்டு குடுவையில் சமமாகப் பிரித்தேன். ஒன்றை நன்றாகக் கொதிக்க வைத்தேன். மற்றதை அப்படியே விட்டேன். இரண்டின் வாயிலும் ஒரே அளவு பஞ்சை அடைத்து, ஜன்னல் ஓரத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். சில வாரங்களில் கொதித்த குடுவை போட்டது போட்டபடி இருந்தது. கொதிக்காததில் அமிலம் ஏறிக்கொண்டே போயிற்று. மேலே மிதந்த கந்தகத் தூள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிற்று. ஏதோ அதைத் தின்றுகொண்டிருந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

வரதராஜன் வந்து பார்த்தார். நியாயமாகச் சொன்னால், அவருடைய முதல் கேள்வி நல்ல கேள்விதான். "நம்ம லேப் காத்துல கந்தகப் புகை இருக்கு. அது இறங்கியிருக்கலாம்." இரண்டும் ஒரே ஜன்னலில்தான் இருந்தன என்றேன். யோசித்தார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவர் உண்மையிலேயே பார்க்கிறார் என்று நம்பினேன். பிறகு அவருடைய மதம் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. "சரி. இதை முறைப்படி செய்வோம்" என்றார்.

முறைப்படி என்றால் எப்படி? புதிதாகக் கூழ் கொண்டுவரச் சொன்னார். வேறொரு அனலிஸ்ட்டிடம் கொடுத்தார். கால்வாயிலிருந்து வந்த சாம்பிள் அல்லவா? சட்டப்படி முதலில் கொதிக்க வைத்தார்கள். அதன் பிறகு இரண்டாகப் பிரித்து, கந்தகம் போட்டு, பஞ்சு அடைத்து, அழகாக லேபிள் ஒட்டி வைத்தார்கள். நான் தடுத்தேன். கையைக் காட்டி உட்காரச் சொன்னார். வாரங்கள் போயின. இரண்டு குடுவையிலும் ஒன்றும் ஏறவில்லை.

"என்ன மிஸ்டர், உங்க ஜந்துக்கள் லீவுல இருக்கா?"

"நீங்க கொதிக்க வச்சிட்டீங்க சார். செத்துப் போச்சு."

"ஆசிட்லயே வாழற வீரன், வெந்நீருக்குப் பயந்து செத்துட்டானா?"

ஆய்வுக்கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. நான் கோபப்படவில்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கோழியை அறுத்துக் குழம்பு வைத்துவிட்டு, ஏன் கூவவில்லை என்று கேட்கிற மனிதர், ஒரு ஆலையின் ஆய்வுக்கூடத்துக்குத் தலைவர். அவர் பொய் சொல்லவில்லை. ஏமாற்றவில்லை. முறையைக் கையாண்டார். நெருப்பில் வாட்டி எடுத்த பிறகு உயிரைத் தேடினார், கிடைக்கவில்லை, ஆகவே இல்லை. திருவள்ளூரில் பேசிய அந்தச் சொற்பொழிவாளருக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியவில்லை. வெள்ளி கிரகத்தில் உயிர் இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. தரையில் ஈயம் உருகும் சூடு என்கிறார்கள். அங்கே எதுவும் இருக்காது என்றே வைத்துக்கொள்வோம். மேகத்தின் உயரத்தில் அவ்வளவு சூடு இல்லை என்றும் அவர்களேதான் சொல்கிறார்கள். அங்கே என்ன இருக்கிறது, எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. இல்லை என்று சொல்லிக் கை துடைக்கிறவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எப்படித் தேடினீர்கள்?

ஆலையில் என் கவலை கிரகம் அல்ல. பலகை. சிவில் பிரிவு ஆள் வந்து சுத்தியலால் மேலே தட்டிப் பார்த்தான். டங்கென்று சத்தம் வந்தது. "கெட்டி சார்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். திருப்பிய ஒரு பலகையை மட்டும் மாற்றினார்கள். மற்றவற்றைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். பலகைகள் சுண்ணாம்புக் கலவையால் ஒட்டியிருக்கின்றன, நெம்பினால் உடையும் என்றார்கள். உடையும் என்று சொல்லிக்கொண்டே அதன் மேல் குழந்தைகளை நடக்க விட்டார்கள்.

நான் வசந்தியைப் பலகையில் ஏறக் கூடாது என்றேன். காலையில் அவளையும் கூட வரும் குழந்தைகளையும் சேற்று ஓரமாக நானே நடத்திப் போனேன். வீட்டில் ரகளை.

"ஊட்ல காயப்போட எடம் இல்ல. தெனம் சேத்துல முக்கி எடுத்துக்கினு வந்தா நான் எத்தினி பாவாடைய தொவைக்கிறது?" என்றாள் என் மனைவி. அவள் ஆர்.கே.பேட்டைக்காரி, நேராகப் பேசுகிறவள். "மத்த புள்ளைங்கல்லாம் மேலதான போவுது? அதுங்களுக்கு அப்பன் இல்லியா?"

"அதுங்கள ஏத்த வேணாம்னும்தான் சொல்றேன்."

"நீ சொன்னா சிரிக்கிறாங்க. இன்னா பேரு வச்சிக்கீறாங்கன்னு எனக்குந் தெரியும்."

ஆனால் பேச்சு பரவிற்று. குடியிருப்புத் தாய்மார்கள் சிலர் பயந்துபோய், ஒரு காலையில் பிள்ளைகளோடு சேர்ந்து கேண்டீன் வளைவில் கூடிவிட்டார்கள். வரதராஜன் அந்த வழியாக வந்தார். என்ன கூட்டம் என்று கேட்டார். கேட்டுக்கொண்டார். கோபப்படவே இல்லை. ஓட்டையில்லாத கோட்டோடு பலகை மேல் ஏறி நின்றார். பிறகு குதித்தார். இன்னொரு முறை குதித்தார். அடுத்த பலகைக்குப் போய் அங்கேயும் குதித்தார்.

"நான் எண்பது கிலோ. உங்க குழந்தை எத்தனை கிலோ? பயப்படாம போங்க. நம்ம பூச்சி சாருக்கு ராத்திரி தூக்கம் சரியில்ல, அவ்வளவுதான்."

பிள்ளைகள் கை தட்டின. தாய்மார்கள் சிரித்தார்கள். நிம்மதியில் வரும் சிரிப்பு. என்னாலும் அதைக் குறை சொல்ல முடியவில்லை. அந்தப் பலகை உடைந்து அவர் உள்ளே விழ வேண்டும் என்று நினைத்தவன் நான் ஒருவன்தான். எத்திராஜ் என் காதருகே, "அவரு குதிச்சது மாத்துன புதுப் பலகைலயும், அப்போ நாங்க முட்டுக் குடுத்த பக்கத்துப் பலகைலயும் சார்" என்றார். அதை உரக்கச் சொல்லச் சொன்னேன். "எனக்கு வேலை வேணும் சார்" என்றார். அதுவும் நியாயம்தான்.

அதற்கடுத்த வாரம் புயல் மழை. காலை ஷிப்டுக்கு ஆள் குறைவு என்று என்னைச் சீக்கிரம் கூப்பிட்டுவிட்டார்கள். வசந்தியிடம் சேற்றோரமாகவே போ என்று சொல்லிவிட்டுப் போனேன். ஆய்வுக்கூடத்தில் அடுப்பில் குடுவை கொதித்துக்கொண்டிருந்தது. வெளியே ஓர் ஆள் ஓடி வரும் சத்தம் கேட்டது. "சார், உங்க பொண்ணு" என்றான். அதற்கு மேல் அவன் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

நான் போனபோது எத்திராஜ் அவளைத் தூக்கிக்கொண்டு எதிரே ஓடி வந்துகொண்டிருந்தார். ஆலையில் அமிலம் பட்டவர்களுக்கென்று சங்கிலியை இழுத்தால் கொட்டும் ஷவர் ஒன்று உண்டு. என்னைத் தாண்டி நேராக அங்கே போய் அவளை நிறுத்திச் சங்கிலியை இழுத்துப் பிடித்துக்கொண்டார். "தண்ணிதான் மொதல்ல, டாக்டரு அப்புறம். பேஜாராவாத சார், முளிச்சினுதான் கீது புள்ள" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவருடைய கையிலும் வெள்ளைக் கூழ். பலகை உடைந்து, அவளுடைய இடது கால் தொடை வரை உள்ளே போயிருந்தது. கம்பி கிழித்திருந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்திருந்தது. கிழிந்த இடமெல்லாம் அந்தக் கூழ் புகுந்து எரித்துக்கொண்டிருந்தது. அவள் அழவில்லை. பற்கள் அடித்துக்கொண்டன.

"எதுக்கும்மா மேல ஏறின?" என்றேன். அதைத்தான் கேட்கத் தோன்றியது.

"பெரிய சார் குதிச்சாரே நைனா" என்றாள்.

மதராஸ் ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் இருந்தாள். கால் மிஞ்சியது. புண் ஆறி, மறுபடி சீழ் வைத்து, மறுபடி ஆறியது. வரதராஜன் ஒருமுறை வந்து பார்த்தார். ஹார்லிக்ஸ் பாட்டில் கொண்டுவந்தார். அதன் கழுத்தை இரண்டு விரலால் பிடித்திருந்தார். என்னோடு வராந்தாவுக்கு வந்து, "பழைய பலகை. வயசாச்சு" என்றார். "நாம வேற எதுவும் நிரூபிக்கல இல்லையா?" என்றார். அது கேள்வி போல இருந்தது. என் பதிலுக்காகக் காத்திருந்தார் என்றுகூட இப்போது தோன்றுகிறது. நான் ஹார்லிக்ஸ் பாட்டிலை வாங்கிக்கொண்டு வார்டுக்குள் போனேன். அவர் போய்விட்டார். ஆலையின் விசாரணையிலும் அதுவே முடிவு: பலகைகள் பழையவை, அதிகப் பாரம். எடை போட்டுப் பார்த்தால் என் மகள் ஒரு கந்தக மூட்டையில் பாதிகூட இல்லை.

பழைய பலகைகளை எடுத்துவிட்டுப் புதிய சிமெண்ட் பலகைகளைப் போட்டார்கள். அடியில் குடித்தனம் இருந்த நுண்ணுயிர்களுக்குப் புது இலை போட்டுப் பரிமாறியது போல. சில வருடத்தில் அவையும் போயின. அதற்குள் குழந்தைகள் நடக்கத் தனியாகக் கல் பாவிய வழி வந்துவிட்டது. தாய்மார்கள் கேட்டு வாங்கியது. பின்னால் வெளியிலிருந்து வந்த ஓர் என்ஜினீயர் கால்வாயை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, கேண்டீன் தண்ணீரையும் கக்கூஸ் தண்ணீரையும் வேறு வழியாகத் திருப்பச் சொன்னார். கறுப்புச் சேறு நின்றது, நாற்றம் நின்றது, கூரை கரைவதும் நின்றது. ஏன் நின்றது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. வரதராஜன் நல்லபடியாக ஓய்வு பெற்றார். மாலை போட்டார்கள். அவருடைய சட்டம் இன்னும் அங்கே இருக்கிறது என்று அந்தப் பையன்கள் சொல்கிறார்கள்.

வசந்தி இப்போது மதராஸில் கல்லூரியில் படிக்கிறாள். காலில் தழும்பு உண்டு, நடையில் குறை தெரியாது. அவளைப் பார்க்கப் போகும்போது ஹாஸ்டலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை சேர்ந்து நடப்போம். அந்தத் தெருவின் நடைபாதை என்பது சாக்கடையின் மேல் போட்ட சிமெண்ட் மூடி வரிசைதான். அவள் அதன் மேல் சாதாரணமாக, புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, ஏதோ பேசிக்கொண்டே நடக்கிறாள். நான் கீழே இறங்கி, பஸ்ஸும் லாரியும் உரசிப் போகும் ரோட்டில் நடக்கிறேன்.

"நைனா, மேல வா. லாரிக்காரன் திட்டறான் பாரு."

"நீ கீழ வாம்மா."

"கெட்டியாத்தான் இருக்கு நைனா. ஊரே நடக்குது."

அவள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். அந்த மூடிகளை நான் திருப்பிப் பார்த்ததில்லை. அவள் ஒரு மூடியில் கால் வைக்கும்போது நான் நின்றுவிடுகிறேன். அடுத்த மூடிக்கு அவள் போன பிறகுதான் எனக்கு நடக்க வருகிறது.